டெல்மர் வீட்டுப் புல்தரை

டெல்மர் ஆசெனிடம் தெருக்காரர்கள் யாரும் பத்து நிமிஷத்துக்கு மேல் பேசியதில்லை. மனுஷன் அவ்வளவு முசுடு. ஆனால் அவர் வீட்டு முன்னால் கிடந்த புல்லைப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்புகிற கார்கள் வேகத்தைக் குறைக்கும். அப்படி ஒரு புல். அதில் ஒரே ஒரு மஞ்சள் டேன்டிலயன் களைப்பூவைக் காட்டிவிட்டால், காட்டினவன் பெரிய ஆள். வெளிர்பச்சை, கரும்பச்சை என்று மாறி மாறி, மூலைக்கு மூலை சாய்வாக, நூல் பிடித்த மாதிரி கோடுகள். இந்த வாரம் இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த வாரம் வலப்பக்கம். எழுபத்தொன்பது வயசில் ஒருத்தர் வாராவாரம் இதைச் செய்கிறார் என்றால் சும்மாவா?

பக்கத்து வீட்டு வெண்டல் கூபியாக்குக்கு இந்தப் புல்லால் இருபத்திரண்டு வருஷமாகத் தலைவலி. அவன் காகித ஆலையில் வேலை பார்க்கிறவன், ஐம்பத்தாறு வயசு. ஆலையிலிருந்து வந்தால் சாப்பிட வேண்டும், உட்கார வேண்டும், அவ்வளவுதான். அவன் வீட்டுப் புல் ஏதோ முளைத்தோம், ஏதோ காய்ந்தோம் என்று கிடக்கும். மே மாதம் பிறந்தால் ஒரே மஞ்சள் பூ. டெல்மர் வேலிப் பக்கம் வந்து நின்றுகொள்வார்.

“என்ன வெண்டல், மாடு ஏதும் வாங்கியிருக்கியா?”

“இல்லையே, ஏன்?”

“இல்ல, தீவனம் வளர்க்கிற மாதிரி இருக்கே, அதான் கேட்டேன்.”

“மாடு வாங்கல டெல்மர். உங்களைத்தான் கொண்டுவந்து கட்டலாம்னு இருக்கேன்.”

இப்படித்தான் இருவருக்கும் சினேகம். ஒருத்தர் வீட்டுக்குள் ஒருத்தர் போனது கிடையாது, சேர்ந்து ஒரு பீர் குடித்தது கிடையாது. அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே, அந்த ஊரில் இதுவே நல்ல சினேகம்தான்.

டெல்மரின் மனைவி இறந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள் கார்லா, நாலு மணி நேரம் தள்ளி மில்வாக்கியில் இருக்கிறாள். பல் மருத்துவமனையில் வேலை, இரண்டு பிள்ளைகள். அந்த வருஷம் ஈஸ்டருக்கு வந்தவள் அப்பாவின் இடது கால் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டாள். குளிர்காலத்தில் லேசாக ஒரு பக்கம் மரத்துப் போனதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்பா, இனி தனியாக இருக்க வேண்டாம், ஏரிக்கரையில் முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது, நல்ல இடம் என்று ஆரம்பித்தாள். அவர் மேஜையைத் தட்டினார். அவளும் தட்டினாள். அப்பன் பிள்ளைதானே. கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்.

“சரிப்பா. நீங்களா புல்லு வெட்டுற வரைக்கும் இங்கயே இருங்க. வெட்ட முடியாத வாரம் வந்துச்சுன்னா, அந்த வாரமே நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். சரியா?”

சிரித்துக்கொண்டே கை கொடுத்தாராம் டெல்மர். தன் புல்லைத் தான் வெட்ட முடியாத நாள் ஒன்று வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பக்கத்து ஆம்பளைகள் எல்லாருமே அப்படித்தான். வைத்தியர் சொல்வதை நம்ப மாட்டார்கள், புல் வெட்டும் மெஷினைத் தள்ள முடிகிறதா என்று பார்ப்பார்கள். தள்ளினால் ஆள் நல்லா இருக்கிறார் என்று அர்த்தம். தெருவும் அதே கணக்கைத்தான் போடும்.

கார்லா லேசுப்பட்டவள் இல்லை. எதிர்வீட்டு லவோனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனாள். ஞாயிறு தோறும் சாயங்காலம் கார்லா போன் பண்ணுவாள், லவோன் நிலவரம் சொல்வாள். லவோனுக்குக் கேட்கவா வேண்டும்? கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் முதல் வாரம் டெல்மர் வேலிப் பக்கம் வந்தார். மாட்டைப் பற்றிப் பேசவில்லை. முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

“விழுந்துட்டேன்” என்றார். “சரிவுல மெஷின் இழுத்துச்சு, கால் வரல. பின்பக்கம்தான், யாரும் பாக்கல.”

“டாக்டர்கிட்ட போனீங்களா?”

“டாக்டர் வந்து புல்லு வெட்டுவாரா?” சொல்லிவிட்டு வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சனிக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு லவோன் தலை அலங்காரத்துக்குப் போவா. பதினொன்னரைக்குத்தான் வருவா. அந்த நேரத்துல நீ வெட்டிக் குடு. என் மெஷின்லயே. கராஜ் பக்கக் கதவு திறந்தே இருக்கும்.”

 இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் வெண்டலிடம் ஒரு ஸ்குரூ டிரைவர்கூடக் கேட்டது கிடையாது.

“என்னைய அந்த எடத்துக்கு அனுப்பிடாத வெண்டல். அங்க புல்லு வெட்ட கம்பெனிக்காரன் வரான். நான் ஜன்னல்ல உக்காந்து பாக்கணும். அவனுங்க ஈரத்துலயே வெட்டுவானுங்கடா.”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. வெண்டல் சரியென்றான். வேறு என்ன செய்வான்?

அவன் மனைவி ஜெனீனுக்கு இது பிடிக்கவில்லை. “நீ செய்றது தப்பு. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு. அப்பனைப் பத்தி மகளுக்குத் தெரிய வேணாமா?”

“ஒரு வெயில் காலம்தானே. நவம்பர்ல கடைசி வெட்டு. அப்புறம் அஞ்சு மாசம் பனி. யாரு பாக்கப் போறா?”

“பனியை யாரு தள்ளுவா? அதுவும் நீதானா? ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் குட்டு உடையும் பாரு.”

முதல் சனிக்கிழமை கராஜுக்குள் போனபோது சுவரில் ஒரு அட்டை மாட்டியிருந்ததைப் பார்த்தான். டெல்மரின் கையெழுத்து. ஏப்ரல்: பனி உருகியதும் பூஞ்சை படிந்த இடங்களை வாருகோலால் எழுப்பு. லைலாக் செடி இலை விடும் வாரம் களை மருந்து. மே கடைசி, முதல் உரம். ஜூலை, மூன்றரை அங்குலத்துக்குக் கீழே வெட்டாதே. செப்டம்பர் முதல் வாரம் விதை. அக்டோபர் கடைசி, குளிருக்கு உரம். நவம்பர், ஒட்ட வெட்டு, இல்லாவிட்டால் பனிக்கடியில் பூஞ்சை வரும். அட்டையின் அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: ஈரத்தில் வெட்டுகிறவன் முட்டாள்.

வெட்டுவதென்னவோ சுலபம். டெல்மர் வெட்டின மாதிரி வெட்ட வேண்டுமே, அதில்தான் உயிர் போனது. முதல் வாரக் கோடு பாம்பு போன மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் டெல்மர் வேலிக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “குடிச்சுட்டா வெட்டின? காலுக்கடியில பாக்காதடா, எதிர்ல ஒரு மரத்தைப் பாத்துக்கிட்டே நட. லவோன் கேட்டா எனக்குக் கண்ணு மங்குதுன்னு சொல்லிக்கிறேன்.”

ஜூலைக்குள் வெண்டலுக்குக் கை வந்துவிட்டது. சனிக்கிழமைக்குக் காத்திருக்க ஆரம்பித்தான். சொந்த வீட்டுப் புல்லில் முயல் குட்டி போட்டாலும் கண்டுகொள்ளாதவன், டெல்மர் வீட்டு நடைபாதை ஓரத்தை முட்டி போட்டு உட்கார்ந்து கத்தரித்தான். ஒரு நாள் தபால் பெட்டி அருகே லவோன் அவனிடம் சொன்னாள். “பாத்தியா வெண்டல், இந்த வருஷம் டெல்மர் முன்னைவிட நேரா வெட்டுறார். வயசு ஆக ஆக மனுஷனுக்குக் கை திருந்துது போல. நீயும் இருக்கியே!” வெண்டலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஜெனீனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

தெருவில் மற்றவர்களுக்குத் தெரியாமலா இருந்தது? மூலைவீட்டுக்காரர் பார்த்தார், தபால்காரர் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அடுத்தவன் விஷயத்தில் வாயைத் திறப்பது அங்கே அவ்வளவு கேவலமான காரியம். லவோன் மட்டும்தான் விதிவிலக்கு, அவளும் தலையில் சுருள் மாட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை நடுவில் ஒரு சனிக்கிழமை நல்ல புழுக்கம். வெட்டி முடித்தவன், மனுஷன் எப்படி இருக்கிறாரோ என்று பின்வாசல் கதவைத் தட்டினான். திறந்த டெல்மரின் முகம் சிவந்திருந்தது.

“என்ன?”

“ஒன்னுமில்ல. சும்மா, நல்லா இருக்கீங்களான்னு.”

“நோயாளி வீட்டுக்கு வர்ற மாதிரி வந்து கதவைத் தட்டுவியா நீ? நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க? இதுக்கு நான் அந்த இல்லத்துக்கே போயிடலாமே! வந்தமா, வெட்டினமா, போனமான்னு இரு. எனக்கு வேணும்னா நான் வேலிக்கு வரேன். நீ கதவு, ஜன்னல் பக்கமெல்லாம் எட்டிப் பாக்கற வேலை வச்சுக்காத. சத்தியம் பண்ணு.”

வெண்டலுக்குச் சுருக்கென்று இருந்தது. நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டான். சரி, இனி தட்டினால் ஏனென்று கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான். சொன்னபடியே இருந்தான்.

ஆகஸ்ட் போய் செப்டம்பர் வந்தது. செப்டம்பர் முதல் திங்களில் அங்கே வருகிற தொழிலாளர் தின விடுமுறை முடிந்த வியாழக்கிழமை, வெண்டல் ஆலையிலிருந்து வரும்போது டெல்மர் வேலியருகே நின்றிருந்தார். காற்றில் குளிர் ஏறியிருந்தது. அவர் முகத்தில் அபூர்வமாக ஒரு தெளிவு.

“சனிக்கிழமை வெட்டி முடிச்சதும் விதை போட்டுடு. இந்த வாரத்தை விட்டா மண்ணு சூடு போயிடும். நீயே போடு, பரப்புற வண்டியை மூணாம் நம்பர்ல வை.”

“விதை எங்க?”

“கீழ நிலவறைல. கராஜ்ல வச்சா எலி தின்னுடும். ராத்திரிக்குள்ள மேல எடுத்து கராஜ் கதவுகிட்ட வச்சிடறேன்.”

“நான் வந்து தூக்கித் தரேனே. படி செங்குத்தா இருக்குமில்ல?”

“இருபத்தஞ்சு பவுண்டு மூட்டையைத் தூக்க எனக்கு ஆளா? போ, போய்ச் சாப்பிடு. ஜெனீன் கூப்பிடுறா பாரு.”

ஜெனீன் கூப்பிடவில்லை. வெண்டல் போய்விட்டான்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு லவோனின் கார் திரும்பிப் போனதும் கராஜுக்குப் போனான். கதவருகே மூட்டை இல்லை. உள்ளே பார்த்தான், அங்கும் இல்லை. மறந்துவிட்டார் போல என்று நினைத்தான். உண்மையைச் சொன்னால் அவனுக்கு ஒரு நிம்மதி. விதை போட ஒரு மணி நேரம் பிடிக்கும், பதினொன்றுக்கு டிவியில் கல்லூரிக் கால்பந்து ஆட்டம். சாயங்காலம் வேலிக்கு வந்து கத்தினால் ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ளலாம். காதடைப்பானை மாட்டிக்கொண்டு மெஷினைக் கிளப்பினான். அந்த வாரம் வலப்பக்கச் சாய்வு. பத்தரைக்கு முடித்துவிட்டு மெஷினைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

சாயங்காலம் டெல்மர் வேலிக்கு வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்தான். ஏதாவது ஒரு கோடு பிடித்திருக்காது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஞாயிறு சாயங்காலம் கார்லா அப்பாவுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். எடுக்கவில்லை. அவர் பாதி நாள் எடுக்க மாட்டார், காது மந்தம். லவோனுக்குப் பண்ணினாள். “அதெல்லாம் ஒன்னுமில்லம்மா, நேத்துதான் புல்லு வெட்டியிருக்கார். கோடெல்லாம் அச்சு அசலா இருக்கு. அலுத்துப் போய் தூங்குறார் போல.” கார்லா நிம்மதியாகத் தூங்கப் போனாள். திங்கட்கிழமை பிள்ளைகள், பள்ளிக்கூடம், வேலை. செவ்வாய்க்கிழமை மதியம் மறுபடி கூப்பிட்டாள், மறுபடி கூப்பிட்டாள். நாலு மணிக்கு லவோன் தெருவைக் கடந்து ஓடிவந்து வெண்டல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“கதவு திறக்கல வெண்டல். நீ கொஞ்சம் வாயேன், எனக்குப் பயமா இருக்கு.”

 வெண்டலுக்குக் கராஜ் கதவருகே இல்லாத மூட்டைதான் முதலில் ஞாபகம் வந்தது.

பின்வாசல் பூட்டியிருக்கவில்லை. திறந்ததுமே வாடையில் தெரிந்துவிட்டது. லவோனை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு அவன் மட்டும் உள்ளே போனான். நிலவறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

படிக்கட்டின் அடியில் மூட்டை கிழிந்து, விதை தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. அதன் வாளி கவிழ்ந்து சிமென்ட் தரை நனைந்திருந்தது. ஆனால் டெல்மர் அங்கே இல்லை. விதையின் நடுவில் ஒரு தடம், ஆள் இழுத்துக்கொண்டு போன தடம், வேலை மேஜை வரை போய், அங்கிருந்து தெருப்பக்கச் சுவர் வரை போயிருந்தது. சுவரோரம் அவர் சாய்ந்து கிடந்தார். மடியில் ஒரு சுத்தியல். தலைக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், வெளியே புல்தரை மட்டத்தில் திறக்கும் சின்ன ஜன்னல். அதற்குக் கீழே சுவரில் வெள்ளையாகப் பெயர்ந்த பள்ளங்கள், பத்துப் பதினைந்து இருக்கும். அவர் தோளிலும் காரைத்தூள்.

ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் வெட்டின புல் துணுக்குகள் ஒட்டிக் காய்ந்திருந்தன.

வெண்டல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.  தரையில் ஊன்றிய கையில் ஏதோ மெத்தென்று பட்டது. ஈரத்தில் கிடந்த விதைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளை நூல் மாதிரி வேர் எட்டிப் பார்த்தது. சில விதைகளில் பச்சையும் தெரிந்தது. கிழிந்த மூட்டையின் மேல், சீக்கிரம் முளைக்கும் ரகம், ஐந்தே நாள் என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். செவ்வாய், திங்கள், ஞாயிறு, சனி, வெள்ளி. விரலை மடக்கினான். வியாழக்கிழமை ராத்திரியில் வந்து நின்றது. பாவி, பாவி என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டான்.

ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ஒரு இளம் அதிகாரி வந்தார், பிறகு மரண விசாரணைக்காரர். லவோன் அழுதுகொண்டே சொன்னாள். “சனிக்கிழமை காலை வரைக்கும் நல்லா இருந்தாருங்க. புல்லு வெட்டினாரு.” அதிகாரி எழுதிக்கொண்டார். சனிக்கிழமை வேலை செய்த களைப்பு, விதை எடுக்க இறங்கியிருக்கிறார், தவறி விழுந்திருக்கிறார், சனி ராத்திரியோ ஞாயிறோ. இடுப்பு உடைந்திருக்கிறது, தலையிலும் அடி, கொஞ்ச தூரம் தவழ்ந்து அடங்கிவிட்டார். வந்தவர்கள் படியைப் பார்த்தார்கள், மூட்டையைப் பார்த்தார்கள். வேலை மேஜை இருக்கிற இடத்தில் ஒரு சுத்தியலையும், பழைய சுவரில் இருந்த பள்ளத்தையும் யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்?

“நீங்க அவரைக் கடைசியா எப்ப பாத்தீங்க?” என்று அதிகாரி வெண்டலைக் கேட்டார்.

“வியாழக்கிழமை. வேலிகிட்ட.”

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான். கேட்காததைச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் லவோன் நின்றாள், தெருவில் ஆட்கள் கூடியிருந்தார்கள். வீட்டுக்குப் போய் ஜெனீனிடம்தான் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லவில்லை. அவன் முதுகைத் தடவிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

“கார்லாகிட்ட சொல்லணுமா?” என்று கேட்டான்.

“தெரியல வெண்டல். சொன்னா அவ உடைஞ்சு போயிடுவா. சொல்லலேன்னா நீ உடைஞ்சு போயிடுவ.”

சனிக்கிழமை அடக்கம் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை மதியம் கார்லா வேலிப் பக்கம் வந்து அவனைக் கூப்பிட்டாள். அப்பா நின்ற அதே இடம்தான், அதே மாதிரி கட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தாலும் முகத்தில் ஒரு அமைதி இருந்தது.

“ஒரு உதவி வேணும் வெண்டல். நாளைக்கு சர்ச்சுல முடிஞ்சதும் எல்லாரும் வீட்டுக்கு வருவாங்க. புல்லு ஒரு வாரம் வளர்ந்துடுச்சு. அப்பாவுக்கு இப்படிக் கிடந்தா பிடிக்காது. கொஞ்சம் வெட்டிக் குடுக்கறீங்களா?”

அந்த ஊர் வழக்கம் அது. வீட்டில் ஒரு சாவு என்றால் பக்கத்து வீட்டுக்காரன் வந்து புல்லை வெட்டுவான். வெண்டல் தலையை ஆட்டினான். அவள் போகவில்லை. புல்லையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“எனக்கு ஒன்னுதான் ஆறுதல். கடைசி வரைக்கும் அவர் கையாலயே வெட்டினார். நான் வம்பு பண்ணி இழுத்துட்டுப் போயிருந்தா இந்த ஒரு வெயில் காலமும் அவருக்குக் கிடைச்சிருக்காது, இல்லையா? லவோன் ஒவ்வொரு வாரமும் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கும் தெரியுமா? சனிக்கிழமை அந்தக் கோட்டைப் போட்டுட்டு, திருப்தியா விதை எடுக்கப் போயிருக்கார். ரொம்ப நேரம் தவிச்சிருக்க மாட்டார்னு அந்த ஆபீசர் சொன்னார்.”

அவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஒரு ஆமாம் போட்டுவிட்டு மெஷினை எடுக்கப் போயிருக்கலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அவள் அந்தக் கோட்டைக் காட்டிக் காட்டிப் பேசினாள். செத்தவரைப் பாராட்டுகிற மாதிரி அவனைப் பாராட்டிக்கொண்டிருந்தாள். அதை அவனால் தாங்க முடியவில்லை.

“கார்லா, அது நான் வெட்டினது.”

அவளுக்குப் புரியவில்லை. “எது?”

“எல்லாம். ஜூன்லேர்ந்து. அவரால முடியல. உன்கிட்ட சொல்ல வேணாம்னு கெஞ்சினார். லவோன் இல்லாத நேரம் பாத்து சனிக்கிழமை சனிக்கிழமை நான்தான் வெட்டினேன்.” நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்தது, சொல்லிக்கொண்டே போனான். “அவர் சனிக்கிழமை விழல. வியாழக்கிழமை ராத்திரியே விழுந்துட்டார். விதை எடுத்து கராஜ்கிட்ட வைக்கறேன்னார், சனிக்கிழமை அது அங்க இல்ல. நான் அப்பவே கதவைத் தட்டியிருக்கணும். தட்டல. தட்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தார், அதான் தட்டல. கீழ கெடந்த விதை முளைச்சிருந்துச்சு. ரெண்டு மூணு நாள்ல அது முளைக்காது.”

 கார்லா, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் கேட்கிற குரலில், ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“சனிக்கிழமை அப்பா உயிரோட இருந்தாரா?”

“சுவத்துல சுத்தியலால அடிச்ச தடம் இருக்கு. ஜன்னலுக்குக் கீழ. வெளிய சத்தம் கேக்கலேன்னா ஏன் அந்த ஜன்னலுக்குப் போவார்?”

“நீங்க எத்தனை மணிக்கு வெட்டினீங்க?”

“ஒம்பதுலேர்ந்து பத்தரை.”

“உங்களுக்குக் கேக்கலையா?”

“காதடைப்பான் போட்டிருந்தேன். மெஷினும் சத்தம்.”

“அந்த ஜன்னல் ஓரமும் வெட்டினீங்களா?”

“வெட்டினேன்.”

“பக்கத்துல போயா?”

 பொய் சொல்லிவிடலாமா என்று வெண்டல் ஒரு கணம் நினைத்தான். “ரெண்டு தடவை போனேன். முதல் தடவை கோடு கோணலாப் போச்சு. திரும்ப வந்து நேர் பண்ணினேன்.”

அவள் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். கத்தியிருந்தால் தலையைக் குனிந்து நின்றிருப்பான். அவள் கத்தவில்லை. வேலிக் கட்டையிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையையும் மேல்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

“அவர் என்னை ஏமாத்தினது சரி. அவர் என் அப்பா” என்றாள். “நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாம். ஒரே ஒரு போன். நான் திட்டியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அவர் அந்த இல்லத்துல உக்காந்துக்கிட்டு என்னை நாள் பூரா வைதுட்டு இருந்திருப்பார். இருந்திருப்பார் இல்ல?”

“இருந்திருப்பார்.”

“புல்லு வெட்ட வேணாம். அப்படியே கிடக்கட்டும்.” இரண்டடி போனவள் திரும்பினாள். “நாளைக்கு நீங்க வராதீங்க. ஜெனீனை மட்டும் அனுப்புங்க.”

“சரி” என்றான் வெண்டல்.

அவள் டெல்மர் வீட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு சர்ச் மணி அடித்தபோது வெண்டல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். ஜெனீன் கறுப்பு உடுப்பில், சாப்பாட்டுத் தட்டைத் துணியால் மூடிக்கொண்டு தனியாகப் போனாள்.